ஆச்சி சொன்ன பட்டவராயன் கதை

எங்க ஆச்சிக்கு ஊரு விக்கிரமசிங்கபுரம். ஆடி அமாவாசைன்னா பாபநாசம் மலையேறி சொரிமுத்து அய்யனார் கோவில்ல குடில் போட்டுத் தங்கியே ஆகணும்.

அங்க பட்டவராயனுக்கு நேர்த்திக்கடன் தோல் செருப்பு. பிராமணனாப் பொறந்த முத்துப்பட்டன், அருந்ததியர் வீட்டு பொம்மக்கா, திம்மக்காவைக் கட்டிக்கிட்டு, செருப்பு தைச்சு, மாமனார் மாடுகளைக் காக்கப்போய் செத்தவன்.

"அந்தப் புள்ளைகளும் நெசத்துல ஐயர் வீட்டுல பொறந்ததுகதான்ல" என்பது ஆச்சி கட்சி. வில்லுப்பாட்டிலேயும் அப்படி உண்டு. நா. வானமாமலை (1917-1980) அது பின்னாடி ஒட்டவெச்சதுன்னு எழுதியிருக்கார். எனக்கும் அதான் சரின்னு படுது. சாதியைக் காப்பாத்த எவ்ளோ மெனக்கெடல் பாருங்க!

ஆச்சிகிட்டயே சொன்னேன். கொஞ்ச நேரம் பேசல.

"ஆமால. ஐயர் வீட்டுப் புள்ளைகன்னா செருப்பை எதுக்குக் கட்டுதோம்?"