கூடாரம் சுமந்த சைக்கிள்



சென்ற தவணை விடுமுறைக்கு முதல்நாள் உயர்தர வகுப்பு மாணவர் நால்வர் என்னிடம் வந்தனர். சங்குப்பிட்டிப் பாலம் கடந்து பூநகரிப் பக்கம் சைக்கிளில் போய், ஓரிரவு கூடாரமடித்துத் தங்கித் திரும்ப வேண்டுமாம். வீட்டாரிடம் நான் ஒரு சொல் சொன்னால் அனுமதி கிடைக்குமாம். ஒருவனுடைய தாயாரிடம் பேசினேன். 'காம்ப்' என்ற சொல் என் வாயிலிருந்து விழுந்ததுதான் தாமதம், அவர் முகம் மாறிவிட்டது.

"என்ன சேர், காம்போ? நாங்கள் இருந்தது காணாதே? இவன் ஏன் ஆசைப்பட்டுப் போய்ப் படுக்க வேணும்?"

அந்தத் தாயின் கேள்விக்கு உடனே விடை சொல்ல எனக்கு இயலவில்லை. வீடு திரும்பிய பின்னும் அது என்னை விடவில்லை. அதற்கான விடையைத் தேடியபோது கண்ட ஒரு தையற்காரரின் கதையையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

'காம்ப்' என்ற ஆங்கிலச் சொல்லின் வேர் இலத்தீன் மொழியிலே உள்ளது. வெளி, வயல் என்பன அதன் பொருள். வெட்டவெளி போர்ப் பயிற்சிக்கு உரியதாகவே, சொல்லும் படையின் சொல்லாயிற்று. நம் தமிழிலும் நிலைமை வேறில்லை. பாசறை, பாடிவீடு என்றாலே போர்தான். முல்லைப்பாட்டுக் காட்டும் பாசறையை எண்ணிப் பாருங்கள். காட்டாற்றை அடுத்த முல்லை நிலத்திலே, முள்வேலி வளைத்து, கடல்போலப் பரந்து கிடக்கின்றது அது. அரசன் அங்கே உறக்கமின்றி இருக்கின்றான். அரசி வீட்டிலே காத்திருக்கின்றாள். கூடாரம் என்பது பிரிவின் அடையாளமாகவே நம் இலக்கியத்துள் நுழைந்தது.

இத்தகைய கூடாரத்தை மகிழ்ச்சிக்கு உரியதாக்கியவர்களுள் முதன்மையானவர் தோமஸ் ஹைராம் ஹோல்டிங். இங்கிலாந்திலே 1844ஆம் ஆண்டு பிறந்தவர். இலண்டனிலே தையற்கலைஞராக வாழ்ந்தவர். துணி வெட்டும் முறை பற்றியும் படையினரின் சீருடை பற்றியும் நூல்கள் எழுதியவர்.

ஆனால் அவர் கண்ட முதற் கூடாரம் இன்பத்துக்காக அடிக்கப்பட்டதன்று. அவருக்கு ஒன்பது வயதான 1853இலே, மோர்மன் சபையைச் சேர்ந்த அவரது பெற்றோர் புதுவாழ்வு தேடி அமெரிக்கா சென்றனர். மிசிசிப்பி ஆற்றங்கரையிலே பெருங்கூட்டத்தோடு வாரக்கணக்காகத் தங்கிய பின், மாட்டு வண்டித் தொடராக மேற்கே புறப்பட்டார்கள். முடிவில்லாத புல்வெளி, இரவிலே கூடாரம், விடிந்தால் மீண்டும் பயணம். வாந்திபேதியால் இறந்தவர்களை வழியோரத்திலே புதைத்துவிட்டு அக்காலத்து வண்டிகள் நகர்ந்தன என்று வரலாறு கூறுகின்றது. அந்தத் தடத்திலே நடந்த சிறுவன்தான் வளர்ந்து பெரியவனாகி, மனமுவந்து மீண்டும் கூடாரத்தைக் கையிலெடுத்தான்.

இதற்குக் காலமும் துணை நின்றது. 1871இலே இங்கிலாந்தில் வங்கி விடுமுறைச் சட்டம் வந்தது. தொழிலாளருக்கும் எழுதுவினைஞருக்கும் சில நாட்களாவது சொந்தமாயின. 1878இலே சைக்கிள் சுற்றுலாவுக்கென ஒரு கழகம் தோன்றியது. அன்றைய சைக்கிளோ முன்சில்லு ஆளுயரமும் பின்சில்லு சாணுயரமுமாக இருந்தது, விழுந்தால் தலைகீழ்தான். அத்தகைய வண்டியிலேதான் தோமஸ் ஸ்ரீவன்ஸ் என்பவர் 1884இல் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து புறப்பட்டு, தனியாக உலகைச் சுற்றி 1886இல் யோக்கோகாமாவை அடைந்தார். மழைக்கு அணியும் மேலங்கியே அவருக்கு இரவிலே கூடாரம்.

1885இலே ஸ்ரார்லி என்பவர் இரு சில்லும் ஏறத்தாழ ஒரே அளவான, சங்கிலி பூட்டிய சைக்கிளை உருவாக்கினார். இன்று நாம் ஓட்டும் வண்டியின் மூதாதை அதுவே. 1888இலே பெல்பாஸ்ற் நகரத்து மிருகவைத்தியர் டன்லொப், தம் மகனுடைய முச்சக்கர வண்டிக்காகக் காற்றடைத்த ரயரை ஆக்கினார். பாதையின் குலுக்கம் குறைந்தது. சைக்கிளிலே சுமையும் ஏற்றலாம், தூரமும் போகலாம் என்றாயிற்று.

ஹோல்டிங் ஏற்கெனவே ஸ்கொட்லாந்து நீர்நிலைகளிலே சிறு படகிற் கூடாரம் ஏற்றிச் சென்று பழகியவர். 1897இலே, ஐம்பது வயது கடந்த நிலையிலே, தம் மகனையும் நண்பர் இருவரையும் சேர்த்துக்கொண்டு அயர்லாந்தின் மேற்கேயுள்ள கொனமாராவுக்குச் சைக்கிளிற் புறப்பட்டார். மலையும் ஏரியும் சதுப்பும் மழையுமான நாடு அது. அந்த அனுபவத்தை அடுத்த ஆண்டே நூலாக்கினார்.

இங்கேதான் தையற்காரரின் கைவண்ணம் தெரிகின்றது. படையினரின் கூடாரம் கழுதையும் வண்டியும் சுமப்பது. சைக்கிளிற் போகிறவனோ தன் காலின் வலுவை மட்டுமே நம்பியவன். ஒவ்வோர் அவுன்சும் அவன் முழங்காலிலே கணக்கெழுதும். ஆகவே ஹோல்டிங் பட்டுத்துணியாலும் மெல்லிய பருத்தித் துணியாலும் மடித்துக் கட்டக்கூடிய சிறு கூடாரங்களை வடிவமைத்தார். சட்டைக்குத் துணி மிச்சம்பிடிக்கும் கண்ணும் கத்தரிக்கோலும் கூடாரத்துக்கும் உதவின. சமையலுக்கு ஒரு சிறிய பிறைமஸ் அடுப்பு. எதை எடுத்துச் செல்வது என்பதைவிட எதை விட்டுச் செல்வது என்பதே இந்தக் கலையின் இலக்கணமாயிற்று. நண்பர்கள் கூடிப் போனால் அந்தச் சுமையும் பங்காகும்: ஒருவன் கூடாரத்தைச் சுமந்தால் மற்றவன் அடுப்பைச் சுமப்பான்.

தம்மைப் போன்று ஆர்வமுடையோர் எழுதுமாறு ஹோல்டிங் அந்த நூலிலே அழைப்பு விடுத்திருந்தார். அதன் விளைவாக 1901இலே சைக்கிள் முகாமிடுவோர் சங்கம் உதயமாயிற்று. வொன்ரேஜ் என்ற ஊரிலே விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர் கூடி முதல் முகாமை நடத்தினர். 1908இலே ஹோல்டிங் முகாமிடுவோருக்கான விரிவான கைந்நூலை வெளியிட்டார். பேடன் பவல் சாரணர் நூலை வெளியிட்டதும் அதே ஆண்டிற்றான். அந்தச் சிறு சங்கத்திலிருந்து வளர்ந்த அமைப்புக்குத் தென்துருவ வீரர் கப்டன் ஸ்கொட் தலைவராக இருந்தார். 1912இலே பனிவெளியில் அவர் உயிர் பிரிந்ததும் ஒரு கூடாரத்துக்குள்ளேதான். பின்னர் 1919இலே பேடன் பவலே தலைமை ஏற்றார். ஹோல்டிங் 1930இலே காலமானார். அவர் தொடக்கிய அமைப்பு பெயர் மாறி இன்றும் இயங்குகின்றது.

நேயர்களே, சைக்கிளும் கூடாரமும் நம்மவர்க்கும் புதியவை அல்ல. 1990க்குப் பின்னர் எரிபொருள் இல்லாத யாழ்ப்பாணத்திலே சைக்கிளே லொறி, சைக்கிளே அம்புலன்ஸ். 1995 ஒக்ரோபர் முப்பதாந் திகதி இரவு வலிகாமம் முழுவதும் எழுந்து நடந்தபோது நான் பாடசாலை மாணவன். மழை. நாவற்குழிப் பாலத்திலே சனம் அசைய இடமில்லை. அப்பா சைக்கிளை உருட்டினார். கரியரிலே அரிசிப்பை, அதன்மேல் பாய், பாயின்மேல் அம்மம்மா. நான் பின்னால் பிடித்துக்கொண்டு நடந்தேன். எதை விட்டுச் செல்வது என்ற அந்த இலக்கணத்தை நாங்களும் அன்றிரவு கற்றோம். ஆனால் கற்பித்தது வேறு ஆசான். 2009இலே செட்டிகுளத்துக் கூடாரங்களையும் அவற்றைச் சூழ்ந்த முள்வேலியையும் அறிந்தவர்களுக்கு 'முகாம்' என்ற சொல்லின் கனத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

அதே சைக்கிள், அதே கூடாரம். வேறுபாடு எங்கே இருக்கின்றது? ஹோல்டிங்கின் நண்பர்கள் புறப்படும்போதே திரும்பும் நாளை அறிந்திருந்தார்கள். அவர்களுடைய வீட்டுக் கதவு பூட்டப்பட்டிருந்தது. திறப்பு சட்டைப்பையிலே இருந்தது. எங்களிடமும் திறப்பு இருந்தது. திரும்பும்போது கதவு இருக்குமா என்பதுதான் தெரியாதிருந்தது. அகதியையும் உல்லாசப் பயணியையும் பிரிப்பது அந்த ஒன்றே. இரண்டையும் ஒரே வாழ்விலே கண்டவர் ஹோல்டிங். ஒன்பது வயதிலே பெரியவர்களின் முடிவாற் கிடைத்த கூடாரத்தை, ஐம்பது வயதிலே தன் கையாலே தைத்து, தான் விரும்பிய இடத்திலே அடித்தார்.

மறுநாள் அந்தத் தாயாரிடம் மீண்டும் சென்றேன். ஹோல்டிங்கின் கதையை முழுவதும் சொல்லவில்லை. "பிள்ளை ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வீட்டை வந்திடுவான், அம்மா. அதுதான் வித்தியாசம்" என்றேன். அவர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு உள்ளே போய் ஒரு பாயை எடுத்து வந்தார்.

"இதையும் கட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கோ. நிலம் குளிரும்."

நால்வரும் சொன்னபடி ஞாயிறு பின்னேரம் திரும்பினார்கள். ஒரு சைக்கிளில் ரியூப் வெடித்திருந்தது, சோறு அடிப்பிடித்ததாம், நுளம்பு உறங்க விடவில்லையாம். இவற்றையெல்லாம் சிரித்துச் சிரித்துச் சொன்னார்கள். பாய் மட்டும் நனையாமல் வந்து சேர்ந்திருந்தது.