திருஇருதயச் சின்னமும் ஒரு டயர் நகரமும்



மது அருந்தாமல் ஓராண்டையோ பத்தாண்டையோ நிறைவு செய்தவருக்குக் குடும்பத்தார் முன்னிலையில் பதக்கம் கொடுப்பதைச் சிலர் பார்த்திருப்போம். "குடியை விட்டதற்கு ஒரு விழாவா?" என்று கேட்பவர்களும் நம்மிடையே உண்டு. அந்த விழாவுக்குப் பின்னால் இருக்கும் வரலாற்றை இன்று நினைத்துப் பார்ப்போம்.

ஓரகடம் போலவே, அமெரிக்காவின் ஆக்ரனும் தொழிற்சாலைகளால் வளர்ந்த ஊர்; அங்கே டயர்த் தொழிற்சாலைகள். 1935 மே மாதம், தொழில் நிமித்தமாக அங்கு வந்த பில் வில்சன், வந்த காரியம் கைகூடாமல் விடுதியில் தனித்து நின்றார். அவர் குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. அருகிலிருந்த மதுக்கூடம் அவரை இழுத்தது. தாம் தப்ப வேண்டுமானால், குடியால் தவிக்கும் இன்னொருவரோடு பேச வேண்டும் என்று உணர்ந்தார். அப்படித் தேடிக் கண்டவர்தான் மருத்துவர் பாப் ஸ்மித். அவர் கடைசியாகக் குடித்த ஜூன் 10-ஐ 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' இயக்கம் தன் பிறந்த நாளாகக் கொண்டாடுகிறது.

குடிநோயாளிகளைச் சேர்க்க மருத்துவமனைகள் தயங்கிய காலம் அது. 1939 ஆகஸ்டில், ஆக்ரன் புனித தோமையார் மருத்துவமனையில் சேர்க்கைப் பொறுப்பிலிருந்த அருட்சகோதரி இக்னேஷியா, 'வயிற்று அழற்சி' என்ற பெயரில் ஒருவருக்குப் படுக்கை கொடுத்தார். பின்னர், நலமாகிச் செல்வோரிடம் திருஇருதயச் சின்னம் ஒன்றைக் கொடுத்து, "மீண்டும் குடிக்க நினைத்தால், முதலில் இதைத் திருப்பிக் கொடுங்கள்" என்று கேட்டுக்கொண்டார். இன்றைய பதக்க வழக்கத்தின் வேர் அங்கேயும் இருக்கிறது.

1957-இல் இவ்வியக்கம் மும்பையில் காலூன்றியது. நம் சென்னையில், குடிநோய்க்குத் தம் கணவரைப் பறிகொடுத்த திருமதி சாந்தி ரங்கநாதன், 1980-இல் அவர் பெயரிலேயே டி.டி. ரங்கநாதன் அறக்கட்டளையைத் தொடங்கினார். நோயாளியோடு குடும்பத்தாருக்கும் அங்கே ஆலோசனை உண்டு. 1989 முதல் மஞ்சக்குடி போன்ற கிராமங்களுக்கே சிகிச்சை முகாம்கள் சென்றன. 1992-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

மீண்டவர் இன்னொருவரைத் தூக்கிவிடும்போது தாமும் நிலைத்து நிற்கிறார். இந்த வரலாறு நமக்குச் சொல்வது இதுதான். தவறி விழவிருந்த பேதுருவிடம்தானே, திரும்பி வந்தபின் சகோதரர்களை உறுதிப்படுத்தும்படி ஆண்டவர் சொன்னார்!

ஷிஃப்ட் முடிந்து, கடையைக் கடந்து வீடு வந்து சேர்வதே நம் பங்கில் சிலருக்கு அன்றாடப் போராட்டம். அதை வெளியே சொல்ல வெட்கப்பட்டு, குடும்பமே மௌனமாக அழுகிறது. குடியை விட்டவரைப் பழைய கதை பேசிக் குத்தாதிருப்போம். அவருடைய ஆண்டு நிறைவை நம் அன்பியத்தின் மகிழ்ச்சியாகக் கொண்டாடுவோம். இன்னும் தவிப்பவரின் வீட்டுக்கு அவரோடு சேர்ந்து நாமும் செல்வோம். சிகிச்சைக்குத் துணை நிற்போம்.

இன்று ஒரு நாள் குடிக்காதிருக்கும் வரத்தை நம் சகோதரர்களுக்கு ஆண்டவர் அருள்வாராக. ஆமென்.