துரியோதனன் ஏன் உச்சத்துல பாடுறான்?

"சும்மா கூத்தடிக்காத"ன்னு வீட்டுல திட்டு வாங்காதவங்க இருக்க மாட்டோம். இன்னைக்கு அந்தக் கூத்தோட குரலைப் பத்திப் பேசலாம்.

முதல்ல இத்தாலிக்கு ஒரு எட்டு போயிட்டு வரலாம். அங்க ஆபரான்னு ஒரு இசை நாடகம். அதுல பாரிடோன்ங்கிறது நடுத்தரமான ஆண் குரல். டெனரை விடக் கீழ, பேஸை விட மேல. காதலன் வேஷம் பெரும்பாலும் டெனருக்கு. அப்பா, எதிரி, வில்லன்னா பாரிடோனுக்கு. 1887-இல் அரங்கேறிய வெர்டியின் 'ஒதெல்லோ'வில் சதிகாரன் இயாகோ ஒரு பாரிடோன். டிட்டோ கோப்பி (1913–1984) அந்த வேஷத்துக்குப் பேர்போனவர். அங்க குரலை வெச்சே ஆள் எப்படிப்பட்டவன்னு ஊகிக்கலாம்.

இப்ப நம்ம செஞ்சி, பனமலைப் பக்கம் வாங்க. செஞ்சிக்குப் பக்கத்துல மேலச்சேரியில் திரௌபதி அம்மன் கோயில் இருக்கு. ஆல்ஃப் ஹில்டபைட்டல் 1988-இல் இந்த வழிபாட்டைப் பத்தி வெளியிட்ட புத்தகம் செஞ்சி வட்டாரத்துல இருந்துதான் தொடங்குது. இந்தத் திருவிழாக்களில் ராத்திரி முழுக்கத் தெருக்கூத்து.

இங்க வில்லன் துரியோதனன். ஆனா அவனுக்குன்னு தனியா அடிக்குரல் கிடையாது. கிருஷ்ணன், பெண் வேஷம் கட்டின திரௌபதி, எல்லாருமே ஒரே ஆர்மோனியச் சுருதிக்கு உச்சத்துல பாடுவாங்க. ஆளைக் காட்டிக் கொடுக்கிறது கிரீடமும், புஜக்கீர்த்தியும், முகத்துல எழுதின வண்ணமும், திரைக்குப் பின்னால இருந்து பாடி வர்ற வரவும்.

ஏன் இப்படி? ஆபராவுக்குச் சுவரும் கூரையும் உண்டு. பழகின பாடகர் குரல்ல சுமார் 3000 ஹெர்ட்ஸ் பகுதியைத் தூக்கிக் கொடுப்பார். வாத்தியங்களைத் தாண்டி அது கேட்கும். கூத்துக்கோ வெட்டவெளி, பக்கத்துலயே மிருதங்கம், தாளம், முகவீணை. அதைத் தாண்டிக் கடைசி வரிசைக்குப் போகணும்னா உச்சம்தான் நம்மாளுங்க கண்ட வழின்னு எனக்குத் தோணுது. நடிகர் பாடின வரியைப் பின்பாட்டுக்காரங்க திரும்பப் பாடுவாங்க. அந்த இடைவெளியில அவர் மூச்சு வாங்கிப்பார். நாம 'கத்தல்'னு சொல்றதுக்குள்ள இவ்வளவு கணக்கு இருக்கு.

கடைசி நாள் படுகளம். மண்ணுல செஞ்ச பெரிய துரியோதனன் தரையில கிடப்பான். பீமன் தொடையில அடிப்பான், திரௌபதி கூந்தல் முடிவாள். அப்புறம் பல ஊர்கள்ல அவனுக்காக ஒப்பாரியும் உண்டு. இயாகோவுக்கு அப்படி அழ மேடையில ஆளே இல்லை.

இப்ப கூத்துக்கும் மைக் வந்தாச்சு. மைக்கை விட்டு விலகாமப் பாடணும்னா, களம் முழுக்கச் சுழன்று ஆடுறது சுருங்கும். பங்குனியில இருந்து ஆடி வரைக்கும் திருவிழாக் காலம். ஒரு ராத்திரி செஞ்சிப் பக்கம் போங்க. பாதியில கிளம்பாம, விடியற வரைக்கும் இருங்க.