புகைமூட்டத்தில் மூச்சுத் திணறல்: கழுத்தையும் விலாவையும் கவனியுங்கள்

டெங்கில், தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளில் பலர் புத்ராஜெயாவுக்காகக் கலைக்கப்பட்ட பிராங் பெசார் முதலிய நான்கு தோட்டங்களிலிருந்து வந்தவர்கள். 1997-ஆம் ஆண்டின் புகைமூட்டமும், 2005 ஆகஸ்டில் போர்ட் கிள்ளானிலும் கோலசிலாங்கூரிலும் அவசரநிலை அறிவிக்கப்பட்டதும் அவர்களுக்கு நினைவிருக்கும். அப்படிக் காற்று கெடும் நாள்களில் அதிகம் பாடுபடுவது நம் மூச்சுத் தசைகள்தான்.

நுரையீரல் தானாக விரியாது. அதற்குக் கீழே, கவிழ்த்த சட்டிபோல் உள்ள உதரவிதானம் என்ற தசை சுருங்கிக் கீழிறங்கும். விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள வெளித்தசைகள் கூட்டை மேலே தூக்கும். மார்புக்குள் இடம் பெருகி அழுத்தம் குறைவதால் சுமார் அரை லிட்டர் காற்று உள்ளே வரும். வெளிவிடும்போது எந்தத் தசைக்கும் வேலையில்லை. இவை தளர்ந்தாலே போதும், நுரையீரல் ரப்பர்போல் சுருங்கிக் காற்றைத் தள்ளிவிடும்.

ஆஸ்துமா உள்ளவருக்குப் புகை பட்டால் மூச்சுக்குழாய் சுருங்கிச் சளி அடைக்கும். அப்போது மூச்சை வெளிவிடவும் பாடுபட வேண்டும். வயிற்றுத் தசைகள் இறுகும். கழுத்துத் தசைகள் மேல் விலாக்களைப் பிடித்துத் தூக்கும். திணறுகிறவர் முழங்காலில் கையூன்றிக் குனிந்து உட்காருவது இதனால்தான். கை ஊன்றியிருந்தால் தோள் தசைகளும் மார்பை விரிக்க உதவும். அவரைப் படுக்க வைக்கக்கூடாது.

குழந்தைகளின் விலா மென்மையானது. மூச்சை இழுக்கும்போது விலா இடுக்கும் கழுத்துக் குழியும் உள்வாங்கும், மூக்கு விடைக்கும். சட்டையைக் கழற்றிவிட்டு, ஒரு நிமிடம் முழுவதும் எண்ணிப் பாருங்கள். 2 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது வேகமூச்சு. உடனே கிளினிக்குக்குக் கொண்டு போக வேண்டும். தைலம் தேய்த்தால் இதமாக இருக்கலாம், சுருங்கிய குழாய் அதனால் திறக்காது.

பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. நெடுநேரம் இழுத்த பிறகு விசில் சத்தம் அடங்கி, நோயாளி சோர்ந்து அமைதியானால், 'இழுப்பு நின்றுவிட்டது' என்று வீட்டார் நிம்மதி அடைவார்கள். உண்மையில் தசைகள் களைத்து, சத்தம் எழுப்பும் அளவுக்குக்கூடக் காற்று போகாமல் இருக்கலாம். பேச முடியவில்லை, உதடு நீலம் பாரிக்கிறது, தூக்கக் கலக்கம் தெரிகிறது என்றால் காலைவரை காத்திருக்காதீர்கள். நிமிர்ந்து உட்கார வைத்து, மருத்துவர் கொடுத்த நீலநிற இன்ஹேலரைப் பயன்படுத்திக்கொண்டே 999-ஐ அழையுங்கள்.