தடைக்குள் பிறந்த வியாபாரப் படிப்பு

முல்லைத்தீவில் ஏ.எல். கொமர்ஸ் படிக்கிற தம்பி தங்கச்சிமாரிட்ட "எந்தக் கம்பஸ்?" எண்டு கேட்டால், யாழ்ப்பாணத்துக்கு அடுத்த பதில் வவுனியாதான். கலைப்பீடத்தில் இருந்துகொண்டு வியாபாரக் கற்கைகள் பீடத்தைப் பற்றி நாங்கள் எழுதுவது கொஞ்சம் வேலி பாய்ந்த வேலைதான். ஆனால் அந்தப் பீடம் தொடங்கிய திகதியைக் கண்டபிறகு சும்மா இருக்க முடியவில்லை.

1991இல் வடமாகாணத்துக்கென்று ஓர் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கப்பட்டது. அதுதான் 1997 மார்ச் 31இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகமாகத் தரமுயர்ந்தது. அப்போது இருந்தவை இரண்டே பீடங்கள். ஒன்று பிரயோக விஞ்ஞானம், மற்றது வியாபாரக் கற்கைகள். அங்கிருந்து சரியாக 43 நாட்கள் எண்ணினால் மே 13 வரும். அன்றைக்குத்தான் ஏ9 வீதியைப் பிடிக்க வவுனியாவிலிருந்து வடக்கு நோக்கி 'ஜெயசிக்குறு' நடவடிக்கை தொடங்கியது. ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம் எண்டு நாங்கள் இப்ப பஸ்ஸில் நித்திரை தூங்கிக்கொண்டு கடக்கிற இடங்களெல்லாம் அப்போது போர்க்களங்கள்.

அந்த வருடங்களில் வன்னிக்குள் வியாபாரம் எப்படி நடந்தது? பெற்றோல், டீசல், சீமெந்து, பற்றரி, யூரியா எல்லாவற்றுக்கும் பொருளாதாரத் தடை. மோட்டார் சைக்கிளை ரெண்டு சொட்டுப் பெற்றோலில் உதைத்து 'ஸ்ரார்ட்' ஆக்கி, மண்ணெண்ணெயில் ஓட்டிய கதையை எங்கட மாமாமார் இப்பவும் சிரிச்சுச் சிரிச்சுச் சொல்லுவினம். வந்த அரிசியையும் மாவையும் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் அட்டைக்குப் பங்கிட்டன. கேள்வியும் நிரம்பலும் விலையைத் தீர்மானிக்கும் எண்டு பாடப்புத்தகம் சொல்லும். வன்னியில் விலையைத் தீர்மானித்தது தாண்டிக்குளம் சோதனைச் சாவடி. அந்தச் சாவடிக்குத் தெற்கே சில கிலோமீற்றர் தூரத்தில் ஒரு வியாபாரப் பீடம் தன் ஆரம்பப் பாடங்களை நடத்திக்கொண்டிருந்தது என்பதுதான் எங்களைப் பிடித்து நிறுத்திய விசயம். வன்னிக்குள்ளிருந்து அங்கே படிக்கப் போவதென்றால் பாஸ் எடுக்கவேண்டும்.

2002இல் பாதை திறந்தது, 2006இல் மூடியது, 2009இல் எல்லாம் முடிந்தது. மன்னார் வீதியில் உள்ள பம்பைமடுவை இன்று எல்லாரும் பல்கலைக்கழகம் இருக்கிற இடமாகத்தான் அறிவார்கள். யுத்தம் முடிந்த கையோடு அந்தப் பெயரைக் கேட்டால் எங்கட சனத்துக்கு ஞாபகம் வந்தது, முன்னாள் போராளிப் பெண்களை வைத்திருந்த புனர்வாழ்வு முகாம்.

2021 ஓகஸ்ட் 1இலிருந்து வளாகம் தனிப் பல்கலைக்கழகம். முதல் துணைவேந்தரான பேராசிரியர் மங்களேஸ்வரன் முகாமைத்துவத் துறைக்காரர். தொழில்நுட்பக் கற்கைகளும் சேர்ந்து இப்போது மூன்று பீடங்கள். வியாபாரக் கற்கைகள் பீடத்தில் நிதியும் கணக்கியலும், சந்தைப்படுத்தல், மனிதவளம் என்பவற்றோடு கருத்திட்ட முகாமைத்துவமும் படிக்கலாம். யுத்தத்துக்குப் பிறகு சந்திக்குச் சந்தி 'புரொஜெக்ட்' போர்ட் முளைத்த வன்னிக்கு இதைவிடப் பொருத்தமான பட்டம் இருக்கேலாது! பெயர்மாற்றத்தைவிட எங்களுக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. முன்பு புதுப் பாடநெறி எண்டால் யாழ்ப்பாணத்து மூதவையின் சம்மதம் வேண்டும். இப்ப சொந்த மூதவை இருக்கு. எதைப் படிப்பிப்பது, எதை ஆராய்வது எண்டு வன்னியில் இருந்தே தீர்மானிக்கலாம்.

ஆராய விசயம் இல்லையா? முத்தையன்கட்டிலும் வவுனிக்குளத்திலும் அறுவடை நேரத்தில் நெல் விலை ஏன் விழுகிறது? கொக்கிளாயில், நாயாற்றில் முற்பணம் வாங்கின மீனவர் பிடிச்ச மீனை யாருக்கு விற்கவேண்டியிருக்கு? 2018இல் அரசாங்கம் வரட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்த 1 இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தது. அந்த நிலைக்கு ஏன் வந்தோம் என்பதை எங்கட ஒழுங்கைகளில் கேட்டால் ஒவ்வொரு வீடும் ஒரு ஆய்வேடு. தடைக்காலத்தில் சனத்தைக் காத்த கூட்டுறவுச் சங்கங்கள் பிறகு ஏன் மெலிந்தன என்பதையும் யாராவது உட்கார்ந்து எழுதவேண்டும். கிளிநொச்சிக்கு அறிவியல்நகரில் பீடங்கள் இருக்கு, வவுனியாவுக்குப் பல்கலைக்கழகமே இருக்கு. முல்லைத்தீவில் ஒரு பீடம்கூட இல்லை. அதனால் எங்களைப் பற்றி ஆராய்பவர் எப்போதும் பஸ் ஏறி வருபவர்தான்.

அங்கே படிப்பது ஆங்கிலத்தில், ஆய்வும் ஆங்கிலத்தில். மூவின மாணவரும் ஒரே வகுப்பில் இருக்கையில் அது தேவைதான். நாங்கள் அதை மறுக்கவில்லை. ஆனால் ஆய்வின் முடிவு தமிழில் நாலு பக்கமாவது அந்த ஊருக்குத் திரும்பி வரவேண்டும். எதிர்காலத் திட்டங்களில் இதற்கு ஓர் இடம் கொடுத்தால், புதுக் கட்டடத்தைவிட எங்களுக்கு அது பெரிசு.

போன வருசம் எங்கட ஒழுங்கைக்கு நுண்கடன் பற்றி வினாக்கொத்தோடு ஒரு தங்கச்சி வந்தாள். எந்தக் கம்பஸ் என்பது இங்கே முக்கியமில்லை. முப்பது கேள்விக்கும் பொறுமையாய்ப் பதில் சொன்ன பக்கத்து வீட்டு அன்ரி கடைசியில் கேட்டா, "எழுதி முடிச்சாப் பிறகு எனக்கும் ஒண்டு தருவியளோ பிள்ளை?"

"இங்கிலீசிலதான் இருக்கும் அன்ரி."

"பரவாயில்லை. என்ர மகளும் கொமர்ஸ்தான், அவள் வாசிச்சுச் சொல்லுவாள்."

அவள் முகவரியை எழுதிக்கொண்டு போனாள். அன்ரி இப்பவும் கேக்கிறா, வந்ததோ எண்டு.