கல்பாக்கம்: இறையாண்மையும் உலக ஒப்பந்தமும்

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, செங்கல்பட்டு மாவட்டக் கடலோரத்தில் அமைந்தது கல்பாக்கம் அணுசக்தி வளாகம். உலகமயக் காலத்தில் ஓர் அரசு எதை வெளியார் பார்வைக்குத் திறக்கிறது, எதைத் தன் கையிலேயே வைத்துக்கொள்கிறது என்பதற்கு இந்தியாவில் இதைவிடத் தெளிவான சான்று அரிது.

1974 பொக்ரான் அணுவெடிப்புச் சோதனைக்குப் பின் வெளிநாட்டு உதவிகள் நின்றன. பிரான்சின் ராப்சோடி உலையைப் பின்பற்றி இங்கே கட்டப்பட்ட சோதனை ஈனுலைக்குச் செறிவூட்டிய யுரேனியம் கிடைக்கவில்லை. இந்திய விஞ்ஞானிகள் புளூட்டோனியம் மிகுந்த கார்பைடு எரிபொருளைத் தாங்களே உருவாக்கினர். 1985 அக்டோபரில் உலை உயிர்பெற்றது. தடையே சுயசார்பை வளர்த்தது.

அமெரிக்காவுடனான அணுசக்தி உடன்பாட்டையொட்டி, 2006-இல் 22 அனல் உலைகளில் 14-ஐ சர்வதேச அணுசக்தி முகமையின் கண்காணிப்பில் வைக்க இந்தியா இசைந்தது. கல்பாக்கத்திலுள்ள சென்னை அணுமின் நிலையத்தின் இரு உலைகளும், ஈனுலைகளும் அதற்கு வெளியே நிறுத்தப்பட்டன.

இந்த முடிவை எடுத்தது யார்? அரசமைப்பின் ஒன்றியப் பட்டியலில் 6-ஆவது பதிவு அணுசக்தியையும், 14-ஆவது பதிவு பன்னாட்டு ஒப்பந்தங்களையும் ஒன்றியத்திடம் ஒப்படைக்கின்றன. 73-ஆவது பிரிவின்படி ஒன்றிய அரசே ஒப்பந்தம் செய்யலாம். நாடாளுமன்றத்தின் முன் ஒப்புதல் கட்டாயமில்லை. அதைச் செயல்படுத்தும் சட்டம் தேவைப்பட்டால், மாநிலப் பட்டியலில் உள்ள பொருளாயினும் நாடாளுமன்றமே இயற்ற 253-ஆவது பிரிவு வழிசெய்கிறது. உடன்பாட்டை எதிர்த்து இடதுசாரிகள் ஆதரவை விலக்கிக்கொண்டதால், 2008 ஜூலை 22-இல் மன்மோகன் சிங் அரசு நம்பிக்கை வாக்கெடுப்பைச் சந்தித்து 275-256 என்ற கணக்கில் வென்றது. அவ்வாக்கு அரசின் நிலைப்புக்கானது, ஒப்பந்தத்தின் வாசகத்துக்கானதல்ல. ஒப்பந்தத்துக்கு நாடாளுமன்ற ஒப்புதல் கட்டாயமில்லாதது அரசமைப்பில் அடைபடாத பெரும் இடைவெளி. அணு உலைகளுக்கு அருகிலேயே வாழும் சதுரங்கப்பட்டினத்து மீனவர்களுக்கோ தமிழ்நாடு சட்டமன்றத்துக்கோ இத்தகைய ஒப்பந்தங்களில் முறையான பங்கு ஏதும் வகுக்கப்படவில்லை.