உப்புநீர், பாதரசம், பாக்டீரியா: விதை நேர்த்தி வந்த வழி

திருச்சி அருகே முக்கொம்பில் பிரியும் காவிரியும் கொள்ளிடமும் ஸ்ரீரங்கத்தைத் தீவாக்குகின்றன. அதைச் சுற்றிய அந்தநல்லூர், லால்குடி வட்டார நெல் விவசாயிக்கு நாற்றங்காலுக்கு முந்தைய வேலை விதைத் தேர்வு. தண்ணீரில் கல்லுப்பைக் கரைத்து ஒரு கோழிமுட்டையை விடுவார்கள். முட்டை மிதந்து, அதன் மேல்பகுதி நாலணாக் காசு அகலத்துக்கு வெளியே தெரிந்தால் கரைசல் பதம். விதைநெல்லைக் கொட்டியதும் பதரும் கருக்காயும் மேலே வரும். கனத்த மணிகள் அடியில் தங்கும். அவற்றை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலச வேண்டும். இல்லையென்றால் உப்பே முளைப்பைக் கெடுத்துவிடும். 1882இல் ஜப்பானின் ஃபுகுவோகாவில் இந்த உப்புநீர்த் தேர்வை வகுத்தவர் யோகோய் டோகியோஷி.

ஆனால் உப்புநீர் விதையைத் தரம் பிரிக்குமே தவிர, நோயைக் கொல்லாது. அதற்கான மருந்துத் தேடல் கோதுமையில் தொடங்கியது.

கரிப்பூட்டை நோயின் கறுப்புத்தூள்தான் நல்ல விதைக்கும் நோயைக் கொண்டுபோகிறது என்பதை 1755இல் பிரான்சின் மத்தியூ தில்லே வயல் சோதனைகளால் காட்டினார். 1807இல் பெனடிக்ட் பிரவோ மயில்துத்தக் கரைசலைப் பரிந்துரைத்தார். விதையின் கருவுக்குள்ளேயே ஒளிந்திருக்கும் உதிர் கரிப்பூட்டையை இத்தகைய மேற்பூச்சுகள் எட்டவில்லை. அதற்குப் பஞ்சாபில் ஜே.சி. லூத்ரா 1930களில் சூரியனையே மருந்தாக்கினார்: கோடைக் காலையில் நான்கு மணி நேரம் ஊறல், பிறகு சுடுவெயிலில் உலர்த்தல்.

இதற்கிடையே, 1915இல் ஜெர்மனியில் 'உஸ்புலுன்' என்ற பாதரச மருந்து விற்பனைக்கு வந்திருந்தது. பாதரசம் கரிப்பூட்டையை அடக்கியது, மனிதரையும் விடவில்லை. 1971இன் இறுதியில் ஈராக்குக்கு வந்த பாதரசம் பூசிய விதைக் கோதுமையைக் கிராமத்தார் அரைத்து ரொட்டி சுட்டுத் தின்றார்கள். சாயத்தைக் கழுவினால் விஷமும் போய்விடும் என்று நம்பியவர்கள் உண்டு. 6,530 பேர் மருத்துவமனைகளில் சேர்ந்தனர். 459 பேர் அங்கேயே இறந்தனர்.

நெல்லில் விதைவழி வரும் செம்புள்ளி நோயின் பெயர் 1943 வங்கப் பஞ்சத்தோடு சேர்ந்தே பேசப்படுகிறது. 1942இல் அந்நோய் விளைச்சலைச் சூறையாடியதை எஸ்.ஒய். பத்மநாபன் 1973இல் விரிவாக எழுதினார்.

இன்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரையில் இரண்டு வழிகள் உள்ளன. ஒரு கிலோ விதைக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 2 கிராம் கார்பன்டாசிம் என்ற பூஞ்சாணக் கொல்லியைக் கரைத்துப் பத்து மணி நேரம் ஊறவைத்தால், நாற்றுக்குக் குலைநோயிடமிருந்து நாற்பது நாள் வரை காப்பு. மற்றது 10 கிராம் சூடோமோனாஸ் ஃப்ளோரசன்ஸ் என்ற பாக்டீரியா. பூஞ்சாணக் கொல்லி பட்ட விதையில் அசோஸ்பைரில்லம் போன்ற உயிர் உரத்தை உடனே கலப்பதில்லை. 24 மணி நேரம் பொறுக்க வேண்டும்.

விளைச்சலை விதை நேர்த்தி நேரடியாகக் கூட்டுவதில்லை. இழக்கவிருந்த நாற்றுகளைக் காப்பாற்றித் தருகிறது. நோயில்லாத விதையில் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. ஆனால் திருச்சி மாவட்டத்தில் களர் நிலமும் உண்டு. நாவலூர் குட்டப்பட்டு வேளாண்மைக் கல்லூரி அதற்கென்றே திருச்சி 1, திருச்சி 3 நெல் ரகங்களைத் தந்தது. முளைப்பே சிரமமான அந்த மண்ணில் ஒவ்வொரு நாற்றும் கணக்கு.

மருந்திட்ட விதைப்பையில் உணவு, தீவனம், எண்ணெய் எதற்கும் ஆகாது என்று அச்சிட வேண்டும் என இந்திய விதை விதிகள் 1968லேயே சொல்லிவிட்டன. பாதரசமென்றால் 'விஷம்' என்ற சொல் சிவப்பில் இருக்க வேண்டும். மீத்தாக்சி எத்தில் மெர்குரி குளோரைடு என்ற பாதரச விதைமருந்துக்கு இந்தியாவில் 2018 ஆகஸ்டில்தான் தடை வந்தது. உப்புநீரில் மிதந்த கருக்காயையோ, அலசிக் கோழிக்குப் போட்டுவிடலாம்.